பெருங்குடல் புற்றுநோய் பரிசோதனை: 45 வயசுல தொடங்கணுமா? அமெரிக்கக் கணக்கு நமக்குப் பொருந்துமா?

‘பிளாக் பேந்தர்’ பட நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று இறந்தபோது அவருக்கு வயது 43. நான்கு ஆண்டுகளாக அவர் பெருங்குடல் புற்றுநோயுடன் போராடிவந்தார் என்ற தகவலே, இறந்த பிறகுதான் ரசிகர்களுக்குத் தெரிந்தது. 2016-ல் நோய் கண்டறியப்பட்டபோது அது ஏற்கெனவே மூன்றாம் கட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான் அவருக்கு 40 வயதே நிறைந்தது.

அவர் நோயுடன் போராடிய அந்த ஆண்டுகளில், அமெரிக்க அரசு ஆதரவு பெற்ற நிபுணர் குழு பெருங்குடல் புற்றுநோய் பரிசோதனையைத் தொடங்கச் சொன்ன வயது 50. அவர் இறந்து ஒன்பது மாதங்களுக்குள், 2021 மே மாதத்தில் அது 45 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால், இந்தப் புதிய விதி 2016-லேயே இருந்திருந்தாலும் போஸ்மேன் அதற்குள் வந்திருக்க மாட்டார்.

இப்போது இந்த ‘45’ நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. ரீல்ஸில் டாக்டர்கள் சொல்கிறார்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்களில் வருகிறது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு ஆகிறது. இதைப் படித்துவிட்டு 46 வயதுக்காரர் ஒருவர், ‘உடனே கொலோனோஸ்கோபி பண்ணணுமோ’ என்று பயப்படலாம். மலத்தில் ரத்தம் பார்த்த 32 வயது இளைஞர், ‘நமக்கு இன்னும் 13 வருஷம் டைம் இருக்கு’ என்று விட்டுவிடலாம். இரண்டுமே தவறான புரிதல்தான். ஆனால், இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது.

அப்படியானால் 45 என்பது யாருக்கான எண்? அது எப்படி வந்தது? இந்தியாவில் இருப்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?

முதல்ல, ஸ்க்ரீனிங்னா என்ன?

இங்கேதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. ஸ்க்ரீனிங் என்பது எந்த அறிகுறியும் இல்லாத, நன்றாக இருக்கும் ஒருவருக்குச் செய்யும் பரிசோதனை. வலி, ரத்தப்போக்கு என்று ஏதாவது அறிகுறி வந்த பிறகு செய்வது நோயைக் கண்டறியும் பரிசோதனை. அதற்கு வயது வரம்பே கிடையாது. 45, 50 என்று சொல்லப்படும் எண்கள் எல்லாம் ஸ்க்ரீனிங்குக்கு மட்டும்தான்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஸ்க்ரீனிங்குக்கு மிகவும் ஏற்ற நோய். காரணம், இது ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சின்ன சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லா பாலிப்பும் புற்றுநோயாக மாறாது. மாறுபவை அப்படி மாறவும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்கு ஆகும். அந்த இடைவெளியில் கொலோனோஸ்கோபி செய்தால், பாலிப்பைப் பார்த்த இடத்திலேயே வெட்டி எடுத்துவிடலாம். அதாவது, நோயை சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு, வராமலேயே தடுக்கவும் முடியும்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம்? அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, கட்டி குடலுக்குள் மட்டும் இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு கண்டறியப்பட்டால் அது சுமார் 15 சதவீதமாகச் சரிகிறது. ஒரே நோய்தான். கண்டுபிடிக்கும் நேரம்தான் வேறு.

50 எப்படி 45 ஆச்சு?

அமெரிக்காவில் 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்த நோய் பல ஆண்டுகளாகக் குறைந்துவந்தது. கொலோனோஸ்கோபி பரவலானது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து 50 வயதுக்குட்பட்டவர்களிடம் நேரெதிராக ஏறத் தொடங்கியது.

2017-ல் அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கு பலரையும் அதிரவைத்தது. 1950 வாக்கில் பிறந்தவர்கள் அதே வயதில் எதிர்கொண்ட ஆபத்துடன் ஒப்பிட்டால், 1990 வாக்கில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு. இதைத் தொடர்ந்து 2018 மே மாதம் அந்தச் சங்கம் பரிசோதனை வயதை 45 ஆகக் குறைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, நோய்த் தடுப்புப் பணிக்குழு எனப்படும் நிபுணர் குழுவும் அதையே சொன்னது.

இந்த இரண்டாவது பரிந்துரைக்குத்தான் நடைமுறையில் எடை அதிகம். அந்தக் குழு ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் கொடுத்த பரிசோதனைகளுக்கு, அங்குள்ள பெரும்பாலான தனியார் காப்பீடுகள் நோயாளியிடம் பணம் கேட்காமல் செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். 45-49 வயதுக்கு ‘பி’ தரம் கிடைத்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் இந்த விதி நேரடியாகப் பொருந்தும்.

பலன் தெரிய ஆரம்பித்திருக்கிறது. 45-49 வயதினரில் ஆரம்பக் கட்டத்திலேயே கண்டறியப்படும் நோயின் விகிதம் 2021-22-ல் ஒரே ஆண்டில் சுமார் 50 சதவீதம் உயர்ந்ததாக 2025-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த உயர்வைப் பார்த்து பயப்படத் தேவையில்லை. முன்பு சில ஆண்டுகள் தாமதமாகத் தெரியவந்திருக்கும் கட்டிகள் இப்போது முன்கூட்டியே சிக்குகின்றன என்பதுதான் இதன் பொருள்.

சரி, 45-னா 40 ஏன் இல்லை? 35 ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. சீக்கிரம் பார்ப்பது நல்லது என்றால், எல்லோருக்கும் 30 வயதிலேயே பார்த்துவிடலாமே?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க நிபுணர் குழுவுக்காகச் செய்யப்பட்ட கணினி மதிப்பீட்டின்படி, 1,000 பேர் 50-க்குப் பதிலாக 45 வயதிலேயே தொடங்கினால், அவர்களது ஆயுள் முழுக்கச் சேர்த்து கூடுதலாக 2 முதல் 3 பேருக்கு இந்த நோய் வராமல் தடுக்கலாம். கூடுதலாக ஒரு மரணத்தைத் தடுக்கலாம். அதற்கு விலையாக, எந்த முறையில் பரிசோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து சில நூறு கொலோனோஸ்கோபிகள் கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும்.

கொலோனோஸ்கோபி பாதுகாப்பான பரிசோதனைதான். ஆனால், ஆபத்தே இல்லாதது அல்ல. ஸ்க்ரீனிங்குக்காகச் செய்யப்படும் 10,000 கொலோனோஸ்கோபிகளில் சுமார் 3 பேருக்குக் குடலில் துளை விழலாம். சுமார் 15 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏற்படலாம். நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள வயதில் இந்த ஆபத்து ஏற்றுக்கொள்ளக்கூடியது. நோயே அபூர்வமாக வரும் வயதில், நல்லா இருக்கிற ஒருவரை அந்த ஆபத்துக்குள் தள்ளுவது எவ்வளவு சரி என்ற கேள்வி வருகிறது.

ஆக, 45 வயதில் உடம்புக்குள் எந்த சுவிட்சும் மாறுவதில்லை. அமெரிக்காவில் எந்த வயதில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது, பரிசோதனையால் கிடைக்கும் பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதையெல்லாம் போட்டுப் பார்த்து வரையப்பட்ட கோடு அது.

மற்ற நாடுகளில்?

கோடு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. ஜப்பானில் 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் மலப் பரிசோதனை. இங்கிலாந்தில் 60-ல் தொடங்கி, 2021-லிருந்து படிப்படியாக 50-க்கு இறக்கினார்கள். அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதனை கிட் வீட்டுக்கே தபாலில் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரை கிட் தானாகவே வரும். 2024 ஜூலையிலிருந்து 45-49 வயதினரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 50.

இளம் வயதினரிடம் இந்த நோய் கூடுவது அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை. 50 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2024 டிசம்பரில் வெளியான ஆய்வில், 27 நாடுகளில் 50 வயதுக்குட்பட்டவர்களிடம் இது அதிகரிப்பது தெரிந்தது. உடல் பருமன், உட்கார்ந்தே வேலை பார்ப்பது, மது, புகை, பதப்படுத்திய இறைச்சி எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் வெளியிடும் ‘கோலிபாக்டின்’ என்ற நச்சு, சிறுவயதிலேயே குடல் செல்களின் மரபணுவில் தடம் பதித்திருக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால், ‘இதுதான் காரணம்’ என்று ஒன்றைக் கைகாட்டும் நிலைக்கு அறிவியல் இன்னும் வரவில்லை.

அப்போ இந்தியாவுல எத்தனை வயசு?

நேரடிப் பதில்: இந்தியாவில் அனைவருக்குமான தேசிய அளவிலான பெருங்குடல் புற்றுநோய் ஸ்க்ரீனிங் திட்டம் இல்லை.

மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனை இருக்கிறது: வாய், மார்பகம், கருப்பை வாய். இந்தியாவில் மிக அதிகம் பேருக்கு வருபவை இவைதான். வாயைத் திறந்து பார்ப்பது, மார்பைத் தொட்டுப் பார்ப்பது போன்ற செலவு குறைந்த வழிகளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடவும் முடியும். குறைந்த பணத்தில் அதிக உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற அடிப்படையில் பார்த்தால், இந்தத் தேர்வில் தர்க்கம் இருக்கிறது.

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஆண்டு சுமார் 70,000 பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வந்தது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது குறைவு. வயது வித்தியாசத்தைச் சமன்செய்து பார்த்தால், இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 5 பேர். அமெரிக்காவில் 25-க்கும் மேல். அதாவது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இந்த வித்தியாசம் மேலே சொன்ன கணக்கை மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் 1,000 பேரைப் பரிசோதித்துக் கிடைக்கும் பலன், இங்கே பல ஆயிரம் பேரைப் பரிசோதித்தால்தான் கிடைக்கும். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாலும், மூலம், குடல் புழு, வயிற்றுக் கடுப்பு போன்ற காரணங்களால் ‘பாசிட்டிவ்’ வருபவர்கள் இருப்பார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். ஏற்கெனவே ரத்தப்போக்குடன் அரசு மருத்துவமனையில் கொலோனோஸ்கோபிக்குக் காத்திருப்பவருக்கும் அதே கருவிதான், அதே டாக்டர்தான்.

‘சராசரி வயசு 47’ என்ற பொறி

இந்தியாவைப் பற்றி அடிக்கடி பகிரப்படும் ஒரு தகவல் உண்டு: ‘வெளிநாட்டில் வயதானவர்களுக்கு வரும் நோய், இங்கே 40-களிலேயே வருகிறது.’ இதற்கு ஆதாரமும் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தன்னிடம் சிகிச்சைக்கு வந்த 800 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கட்டுரையில், சராசரி வயது சுமார் 47.

இதைப் படித்தால், ‘அப்போ இந்தியாவில் 35-லேயே பரிசோதனை ஆரம்பிக்கணும்’ என்றுதான் தோன்றும். ஆனால், அவசரப்படக் கூடாது.

ஒரு உதாரணம். ஒரு பெரிய இன்ஜினீயரிங் காலேஜ் வாசலில் ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே காய்ச்சலுக்கு வருபவர்களின் சராசரி வயது 20 என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து, ‘20 வயதுக்காரர்களுக்குத்தான் காய்ச்சல் அதிகம் வரும்’ என்று சொல்ல முடியுமா? அந்தப் பகுதியில் இருப்பவர்களே பெரும்பாலும் 20 வயதுக்காரர்கள் என்பதுதான் விஷயம்.

இந்தியாவும் அப்படித்தான். இங்கே மக்களில் பாதிப் பேர் 30 வயதுக்குட்பட்டவர்கள். 65-ஐக் கடந்தவர்கள் அமெரிக்காவைவிட விகிதத்தில் மிகக் குறைவு. இளைஞர்கள் அதிகம் இருக்கும் நாட்டில், நோயாளிகளின் சராசரி வயதும் குறைவாகத்தான் இருக்கும். அதோடு, பல மாநிலங்கள் தாண்டி மும்பைக்கு ரயிலேறி வரக்கூடியவர்கள் பெரும்பாலும் ஓரளவு இளவயதினராகவே இருப்பார்கள். வயதானவர்கள் பலர் உள்ளூரிலேயே நின்றுவிடுவார்கள். எனவே ‘நோயாளிகளின் சராசரி வயது 47’ என்பதை ‘47 வயதுக்காரருக்கு ஆபத்து அதிகம்’ என்று படிக்கக் கூடாது. இங்கேயும் வயது ஏற ஏறத்தான் ஆபத்து ஏறுகிறது.

ஆனால், அதே தரவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அந்த 800 பேரில் பெரும்பாலானோர் அறிகுறிகள் தொடங்கி சராசரியாக நான்கு மாதங்கள் கழித்தே வந்திருந்தார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். இது, ஸ்க்ரீனிங் வயதை 45 என்று வைப்பதா 50 என்று வைப்பதா என்பதால் தீரும் பிரச்சினை இல்லை. உடம்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதைக் கேட்கத் தாமதமாகிறது.

‘மூலமா இருக்கும், விடு’

தமிழ்நாட்டில் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும், எந்த மின்சார ரயிலில் ஏறினாலும் ஒரு போஸ்டர் கண்ணில் படும்: ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு.’ மலம் கழிக்கும்போது ரத்தம் வந்தால், இங்கே முதலில் நினைவுக்கு வருவது மூலம்தான். ‘சூடு ஜாஸ்தியாயிடுச்சு, மோர் குடி’, ‘காரம் குறைச்சுக்கோ’ என்ற வீட்டு அறிவுரை. கூச்சத்தால் வீட்டில்கூடச் சொல்லாதவர்களும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு. இரண்டு நாள் ரத்தம் நின்றால், சரியாகிவிட்டது என்ற முடிவு.

பெரும்பாலான நேரங்களில் அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். குறிப்பாக இளம் வயதில். எனவே ஒரு தடவை ரத்தம் பார்த்ததுமே புற்றுநோய் என்று பதற வேண்டியதில்லை. ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர், பார்த்துப் பரிசோதித்த டாக்டர். போஸ்டர் அல்ல. மூலம் இருக்கும் ஒருவருக்குக் கூடவே கட்டியும் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்? அமெரிக்காவில் 50 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வந்த 5,000-க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த குழு, 2023-ல் நான்கு அறிகுறிகளைப் பட்டியலிட்டது. நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் முன்பே அவை தென்பட்டிருந்தன:

* மலவாயில் ரத்தப்போக்கு
* வயிற்று வலி
* தொடர் வயிற்றுப்போக்கு
* இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் ரத்தசோகை

இவற்றில் ஒன்று இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு ஆறு மடங்குக்கும் மேல்.

கடைசி அறிகுறியை இங்கே பலரும் தவறவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் பேரீச்சம்பழம், அயர்ன் மாத்திரை என்று முடித்துவிடுவது வழக்கம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால், ஒரு ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைகிறது என்றால், ரத்தம் எங்கேயோ கசிகிறதா என்று தேட வேண்டும். வயிறும் குடலும் அந்தத் தேடலின் முதல் இடங்கள்.

இவற்றோடு, மலம் கழிக்கும் பழக்கம் காரணமில்லாமல் மாறி மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு தொடர்ந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் முதலில் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள பரிசோதனையும் இல்லை. கையுறை அணிந்து விரலால் மலக்குடலைப் பரிசோதிப்பதுதான். டாடா மருத்துவமனை ஆய்வில் அதிகம் பேருக்குக் கட்டி இருந்த இடம் மலக்குடல். அதன் கீழ்ப்பகுதியில் வரும் கட்டிகளில் பலவற்றை விரலாலேயே உணர முடியும். ரத்தப்போக்கு என்று போய், எந்தப் பரிசோதனையும் இல்லாமல் களிம்பு மட்டும் எழுதிக் கொடுத்தால், ‘செக் பண்ணிப் பார்க்க வேண்டாமா டாக்டர்?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

அப்பாவுக்கு இருந்துச்சா? அப்போ கணக்கு வேற

வயது வரம்பு பொருந்தாத இன்னொரு கூட்டம், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன்பே இது வந்திருந்தால், பரவலாகப் பின்பற்றப்படும் விதி இது: 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபியைத் தொடங்க வேண்டும்.

உதாரணமாக, அப்பாவுக்கு 46 வயதில் வந்திருந்தால், மகனோ மகளோ 36 வயதில் தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 60-க்குப் பிறகு வந்திருந்தாலும் பிள்ளைகள் 40-லேயே தொடங்குவது நல்லது.

பரம்பரையாக வரும் சில மரபணுக் கோளாறுகளில் இன்னும் சீக்கிரம். ‘லிஞ்ச் சிண்ட்ரோம்’ உள்ள குடும்பங்களில் 20-25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு 10-12 வயதிலேயே. நீண்ட காலமாகக் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் தனி அட்டவணை உண்டு.

நம்ம வீடுகளில் இதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. புற்றுநோய் என்று வெளியே சொல்வதில்லை. ‘வயித்துல கட்டி’, ‘குடல்ல புண்ணு’ என்றுதான் பிள்ளைகளுக்கே சொல்லப்பட்டிருக்கும். சில வீடுகளில் நோயாளிக்கே தெரியாது. ஒரு பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது, ‘தாத்தாவுக்கு எந்த இடத்துல கட்டி? எத்தனை வயசுல?’ என்று கேட்டு வைத்துக்கொள்வது, பல ஆயிரம் ரூபாய் ஹெல்த் பேக்கேஜைவிடப் பயனுள்ள தகவல். பெற்றோருக்குப் பெரிய பாலிப் எடுக்கப்பட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எந்த டெஸ்ட்? மாஸ்டர் செக்கப் போதுமா?

போதாது. பல பேக்கேஜ்களில் ‘கேன்சர் மார்க்கர்’ என்ற பெயரில் ‘சிஇஏ’ என்ற ரத்தப் பரிசோதனை சேர்க்கப்பட்டிருக்கும். அது ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று கண்காணிக்கத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது. நன்றாக இருப்பவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆரம்பக் கட்டப் புற்றுநோய் இருந்தும் ‘நார்மல்’ என்று வரலாம். புகைபிடிப்பவருக்குப் புற்றுநோய் இல்லாமலேயே கூடலாம்.

ஸ்க்ரீனிங்குக்கு இருக்கும் முக்கிய வழிகள் இரண்டு.

ஒன்று, ‘ஃபிட்’ எனப்படும் மலப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத அளவு மனித ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். பத்தியம் இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ திரும்பச் செய்ய வேண்டும். பாசிட்டிவ் வந்தால் கட்டாயம் கொலோனோஸ்கோபி. ‘மூலத்தாலதான் வந்திருக்கும்’ என்று அங்கேயே நிறுத்தினால், பரிசோதனை செய்ததில் அர்த்தமே இல்லை.

இரண்டு, கொலோனோஸ்கோபி. முதல் நாள் நீராகாரம், குடலைச் சுத்தப்படுத்தும் மருந்து, பாத்ரூமுக்கு நடையாய் நடப்பது. செய்துகொண்டவர்களைக் கேட்டால் பலரும் அதைத்தான் புலம்புவார்கள். பரிசோதனைக்கு அரை மணி நேரம் அளவுதான் ஆகும். எல்லாம் சரியாக இருந்தால், சராசரி ஆபத்து உள்ளவர்களுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து அடுத்தது.

எது சிறந்தது? ஸ்பெயினில் 50-69 வயதுள்ள ஆயிரக்கணக்கானோரைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2025-ல் வெளியான ஆய்வு, மரணத்தைத் தடுப்பதில் ‘ஃபிட்’டுக்கு அழைக்கப்பட்டவர்கள் கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு எந்த வகையிலும் பின்தங்கவில்லை என்றது. எளிதாக இருந்ததால் ‘ஃபிட்’டுக்கு அதிகம் பேர் ஒப்புக்கொண்டதும் ஒரு காரணம். செய்துகொள்ளாத நல்ல பரிசோதனையைவிட, செய்துகொள்ளும் எளிய பரிசோதனை மேல்.

2024 ஜூலையில் அமெரிக்காவில் ‘ஷீல்டு’ என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. புற்றுநோய் இருந்தவர்களில் 83 சதவீதம் பேரை அது கண்டுபிடித்தது. ஆனால், புற்றுநோயாக மாறக்கூடிய முற்றிய பாலிப் இருந்தவர்களில் 13 சதவீதம் பேரை மட்டுமே. நோயைக் கண்டுபிடிக்கும், வராமல் தடுப்பதில் பலவீனம்.

கடைசியா, நான் என்ன பண்ணணும்?

வயதை வைத்து யோசிப்பதற்கு முன், இந்த வரிசையில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. அறிகுறி இருக்கிறதா? இருந்தால் வயது பற்றிய பேச்சே இல்லை. 25 ஆனாலும் சரி, 45 ஆனாலும் சரி, டாக்டரைப் பார்த்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

2. அறிகுறி இல்லை; நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இருந்ததா? இருந்தால் 40, அல்லது அவரது நோய் வயதிலிருந்து பத்தைக் கழித்தால் வரும் வயது. எது முன்னால் வருகிறதோ அது.

3. இரண்டும் இல்லையா? 45-க்குக் கீழே என்றால், ஸ்க்ரீனிங்குக்காகப் பணம் செலவழிக்க இப்போதைக்குத் தேவையில்லை. 45-ஐக் கடந்துவிட்டால், உடல் பருமன், சர்க்கரை, புகை, மது என்று உங்கள் நிலையைச் சொல்லி டாக்டரிடம் பேசலாம். 50-ஐக் கடந்த பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்களிடம் இந்தப் பேச்சை எடுப்பது இன்னும் முக்கியம். ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான். ‘ஃபிட்’டில் தொடங்கினாலே போதும்.

இந்தியாவில் நோய் விகிதம் கூடினால், நாளை இங்கேயும் ஒரு வயதுக் கோடு வரையப்படலாம். அது 45 ஆக இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். எங்கே வரைந்தாலும், அந்தக் கோடு அறிகுறி இல்லாதவர்களுக்கானது. நோயின் மூன்றாம் கட்டத்தில் இருந்த போஸ்மேனை 50 என்ற விதியும் பார்த்திருக்காது, 45 என்ற விதியும் பார்த்திருக்காது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் இளைஞர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு ஒன்றுதான்: ரத்தத்தைப் பார்த்தால் கூச்சப்படாமல் அந்த வாரமே டாக்டரிடம் சொல்வது.